உடம்பெல்லாம் கீறல், கண்ணாடி சுத்தம்: பழைய கேமரா லென்ஸை நியாயமான விலைக்கு விற்பது எப்படி?

பீரோவின் மேல்தட்டில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா கிடைத்திருக்கிறது. அப்பா வாங்கியதாக இருக்கலாம், ஸ்டுடியோ வைத்திருந்த பெரியப்பா விட்டுப்போனதாக இருக்கலாம். கேமரா ஓடவில்லை. ஆனால் அதில் மாட்டியிருக்கும் லென்ஸ் கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது, வளையம் சுழல்கிறது. பார்க்கத்தான் சகிக்கவில்லை. கறுப்பு பெயிண்ட் உதிர்ந்து உலோகம் தெரிகிறது, முன் விளிம்பில் ஒரு நசுங்கல், பக்கத்தில் யாரோ ஊசியால் இனிஷியல் வேறு கீறி வைத்திருக்கிறார்கள். "இதை எவன் வாங்குவான்" என்று காயலான் கடைக்குப் போடும் பையில் வைக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

பழைய லென்ஸ் சந்தையில் உடம்புக் கீறலுக்கு ஒரு விலை, கண்ணாடிக் குறைக்கு வேறு விலை. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாததால்தான் பலர் நல்ல லென்ஸை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார்கள். வேறு சிலர் மோசமான லென்ஸை "சூப்பர் கண்டிஷன்" என்று விற்றுவிட்டுப் பிறகு பதில் சொல்ல முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

யார் வாங்குகிறார்கள்?

இந்தச் சந்தைக்கு மறுஉயிர் கொடுத்தது மிரர்லெஸ் கேமராக்கள். ஒவ்வொரு லென்ஸும் சென்சாரிலிருந்து (அன்றைக்கு ஃபிலிமிலிருந்து) ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்க வேண்டும். திருகி மாட்டும் எம்42 வகை லென்ஸுகளுக்கு அந்தத் தூரம் 45.46 மி.மீ. இன்றைய சோனி இ மவுண்டில் அது 18 மி.மீ., நிக்கான் இசட் மவுண்டில் 16 மி.மீ. மீதமிருக்கும் இடைவெளியை ஒரு வெற்று உலோகக் குழாயே நிரப்பிவிடும். அதுதான் அடாப்டர். உள்ளே கண்ணாடி இல்லை, எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, விலையும் குறைவு. அதனால் அரை நூற்றாண்டுக்கு முந்தைய லென்ஸ் இன்றைய கேமராவில் ஜம்மென்று உட்கார்ந்துகொள்கிறது. ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும்.

ஒரு லென்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப்/2. ஜெனித் கேமராக்களோடு வந்த சோவியத் லென்ஸ் இது. ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் பயோட்டார் வடிவமைப்பைத் தழுவிச் செய்தது. லட்சக்கணக்கில் தயாரித்ததால் அரிய பொருள் இல்லை. ஆனால் பின்னணியில் இலைகள் இருந்தால் அவற்றைச் சுழல் மாதிரி சுற்றிக் காட்டும் குணம் இதற்கு உண்டு. போர்ட்ரெய்ட் எடுப்பவர்களும் குறும்படம் எடுப்பவர்களும் அதற்காகவே தேடுகிறார்கள். 2024-ல் வந்த 'டூன்: பார்ட் டூ' படத்திலும் ஒளிப்பதிவாளர் க்ரெய்க் ஃப்ரேசர் பழைய சோவியத் லென்ஸுகளைப் புதிய உறைக்குள் பொருத்திப் பயன்படுத்தினார். அங்கே பழைய உடம்பையே கழற்றிவிட்டார்கள், வேண்டியது கண்ணாடி மட்டும்தான்!

உங்களிடம் விலை கேட்கப்போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் சேகரிப்பாளர். அவருக்கு அட்டைப்பெட்டி, மூடி, உறை, மங்காத எழுத்து எல்லாம் வேண்டும், சின்னக் கீறலுக்கும் முகம் சுளிப்பார். இன்னொருவர் படம் எடுப்பவர். "பாடி எப்படி வேணா இருக்கட்டும் ப்ரோ, கிளாஸ் கிளீனா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கீறல் விழுந்த லென்ஸுக்கு இரண்டாமவர்தான் உங்கள் ஆள். சேகரிப்பாளரைத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எது வெளிக்காயம், எது உள்காயம்?

பெயிண்ட் உதிர்வு, உடம்பில் சிராய்ப்பு, ரப்பர் பிடி வெளுத்துப்போவது, எண்களில் நிறம் போவது, எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரி வெட்டிய இனிஷியல் – இவை எல்லாம் வெளிக்காயம். படத்தில் இவற்றின் தடயமே இருக்காது. தேய்ந்த தோற்றத்தையே ஆசைப்பட்டு வாங்குபவர்களும் உண்டு. லைக்கா நிறுவனம் 2015-ல் இசைக்கலைஞர் லென்னி க்ராவிட்ஸ் வடிவமைப்பில் 125 செட் கேமரா வெளியிட்டது. புத்தம் புதுக் கேமராவின் கறுப்பு பெயிண்டைத் தொழிற்சாலையிலேயே தேய்த்து, பித்தளை தெரியும்படி செய்து விற்றார்கள். உங்கள் அப்பாவின் லென்ஸ் இந்தத் தேய்மானத்தை இலவசமாகவே வாங்கியிருக்கிறது. (அதற்காக லைக்கா விலை கேட்காதீர்கள்.)

முன் வளைய நசுங்கல் நடுவில் நிற்கும் சங்கதி. பார்வைக்கு அது அழகுக் குறைதான். ஆனால் அந்த வளையத்தில்தான் ஃபில்டரைத் திருக வேண்டும். ஹீலியோஸ் 44-2-க்கு 49 மி.மீ. ஃபில்டர். வளையம் நசுங்கியிருந்தால் அது ஏறாது, ஹூடும் ஏறாது. வீடியோ எடுப்பவருக்கு என்டி ஃபில்டர் போட முடியாத லென்ஸ் பாதி லென்ஸ். எனவே ஒரு 49 மி.மீ. ஃபில்டரைக் கடன் வாங்கியாவது திருகிப் பாருங்கள். "டென்ட் இருக்கு, ஆனா ஃபில்டர் ஏறுது" என்ற ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

இனி கண்ணாடி. இருட்டறையில் உட்காருங்கள். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, ஒரு பக்கம் மொபைல் டார்ச்சை அடித்து, மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சத்தை நேராகக் கண்ணுக்கு அடிக்காதீர்கள்.

புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி. பழைய லென்ஸ் எல்லாவற்றிலும் இருக்கும், பயம் வேண்டாம். சிலந்தி வலை மாதிரியோ, ஜன்னல் கண்ணாடியில் பாசி படர்ந்த மாதிரியோ கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். சென்னை, மும்பை, கொச்சி, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று ஊர்களில் தோல் உறைக்குள்ளேயே பல வருஷம் கிடந்த லென்ஸுக்கு வரும் வியாதி இது. ஆரம்ப நிலையில் கழற்றித் துடைத்தால் போய்விடும். முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தடம் நிற்கும். மொத்தமாகப் பனி மூடிய மாதிரித் தெரிந்தால் அதற்கு ஹேஸ் என்று பெயர். ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் வளையமாகப் பளபளத்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விடத் தொடங்கியிருக்கிறது. இந்த மூன்றும் உள்காயம். இவற்றை "காஸ்மெட்டிக்" என்ற சொல்லுக்குள் திணிக்கக் கூடாது.

கண்ணாடிக் கீறலில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. முன் கண்ணாடியில் இருக்கும் சின்னக் கீறல் சாதாரணப் படத்தில் தெரியவே தெரியாது. காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி முன் கண்ணாடியின் பெரும்பகுதி வழியாக உள்ளே நுழைகிறது. கீறல் தடுப்பது அதில் துளி அளவுதான். சூரியன் எதிரே இருக்கும்போது மட்டும் கொஞ்சம் வெளுப்பு வரலாம். பின் கண்ணாடி அப்படியில்லை. அது சென்சாருக்குக் கிட்டே இருக்கிறது, ஒளி அங்கே குறுகி வருகிறது, அதனால் அங்கே விழும் கீறல் படத்தைத் தொட வாய்ப்பு அதிகம். முன்னால் கீறலா, பின்னால் கீறலா என்று சொல்லாமல் "லைட் ஸ்கிராட்ச்" என்று மட்டும் எழுதினால் விவரம் தெரிந்தவர் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

ஒன்றிரண்டு போலிப் பயங்களையும் சொல்லிவிடலாம். ஹீலியோஸ் 44-2-ல் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம். ஒன்றில் எண்ணைக் குறித்துக்கொண்டு மற்றொன்றால் திறந்து மூட வேண்டும். இது தெரியாமல் "அப்பர்ச்சர் ஜாம்" என்று விலையைக் குறைத்து விற்காதீர்கள். பிளேடுகளில் எண்ணெய் மினுங்கினால் இந்த வகை லென்ஸில் பெரிய பாதகம் இல்லை. ஸ்பிரிங்கில் சட்டென மூடவேண்டிய பிற்கால லென்ஸ்களில்தான் அது தொல்லை. பென்டாக்ஸின் பழைய 50 மி.மீ. எஃப்/1.4 டாகுமார் வைத்திருப்பவர்கள், கண்ணாடி டீத்தண்ணி நிறத்தில் இருக்கிறதே என்று பதற வேண்டாம். அதன் ஒரு வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வயதானால் மஞ்சளாகும். புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளியும். வெயிலில் வைத்துத் தெளிய விடலாம் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விடாதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்ற வைக்கும்.

விற்கும் முன் என்ன செய்யக் கூடாது?

பெயிண்ட் அடிக்கக் கூடாது. மார்க்கரால் கீறலை மூடக் கூடாது. கண்ணாடியை வீட்டு கிளீனராலும் சட்டை நுனியாலும் தேய்க்கக் கூடாது. யூடியூப் பார்த்துக் கழற்றவும் கூடாது. தலை தேய்ந்த ஸ்க்ரூவையும் வளையத்தில் வழுக்கிய கருவியின் தடத்தையும் பார்த்ததுமே 'யாரோ திறந்திருக்காங்க' என்று வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சந்தேகம் பெயிண்ட் உதிர்வைவிட விலையை அதிகம் இறக்கும். ஊதி தூசி தட்டுங்கள், உடம்பை லேசான ஈரத்துணியால் துடையுங்கள், போதும்.

சர்வீஸ் செய்து விற்கலாமா? ஹீலியோஸ் மாதிரி ஏராளமாகக் கிடைக்கும் லென்ஸுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். மெக்கானிக் கேட்கும் கூலி, கூடுதலாகக் கிடைக்கும் விலையை விழுங்கிவிடும். விலை உயர்ந்த லென்ஸ் என்றால் முதலில் மதிப்பீடு கேளுங்கள்.

விலை எப்படி வைப்பது?

விளம்பரங்களில் இருக்கும் விலை ஆசைப்பட்ட விலை. விற்ற விலைதான் உண்மை. இபேயில் 'விற்பனையானவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதே மாடல், ஏறக்குறைய அதே நிலை, பத்துப் பதினைந்து விற்பனைகளைப் பார்த்தால் ஒரு பிடிமானம் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும். இங்கேயே, கையால் தொட்டுப் பார்த்து வாங்க முடிகிற லென்ஸுக்கு அது ஒரு சாதகம்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தத் தளத்தில் 'மின்ட்', 'நியர் மின்ட்', 'எக்ஸலன்ட் பிளஸ் ஃபைவ்' என்றெல்லாம் போட்டிருப்பார்கள். கடைசியாகச் சொன்னது கேட்க எவ்வளவு பிரமாதமாக இருக்கிறது! உள்ளே படித்தால் 'கொஞ்சம் ஃபங்கஸ்' என்று இருக்கும். தரச் சொற்களை விட்டுவிட்டுப் படங்களை ஒப்பிடுங்கள்.

குறைக்கு எவ்வளவு கழிக்கலாம்? சந்தையில் எழுதிவைத்த விதி கிடையாது, என் கணிப்பைச் சொல்கிறேன். நல்ல நிலையில் ரூ.10,000 போகும் லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி சுத்தமாக இருந்து, பெயிண்ட் மட்டும் போயிருந்தால் ரூ.8,500-க்குக் கீழே இறங்கத் தேவையில்லை. ஃபில்டர் ஏறாத அளவு டென்ட் என்றால் ரூ.7,500 பக்கம். ஃபங்கஸ் கிளை விட்டிருந்தால் பாதிதான், முற்றியிருந்தால் உதிரிபாகத்துக்கு வாங்குபவர் சொல்வதே விலை. இனிஷியல் வெட்டியிருப்பதற்கு மனம் கேட்காமல் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். அது பேரம், குறை அல்ல.

உள்ளதை எழுதினால் விலை குறையாதா?

குறையும், கொஞ்சம். மறைத்தால் என்ன ஆகும் என்பதைச் சட்டத்திலிருந்து பார்ப்போம். செகண்ட் ஹேண்ட் பொருளை வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுப்போக்கு. ஆனால் அதே சட்டத்தின் 15-வது பிரிவு, விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. அதாவது நீங்கள் 'மின்ட் கண்டிஷன்' என்று அடித்த அந்த இரண்டு சொல்லும் வெறும் விளம்பரம் இல்லை, பொருளின் விவரிப்பு. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தெரிந்த ஒன்றை, ஏமாற்றும் நோக்கத்தோடு வேண்டுமென்றே மூடி மறைப்பதை அது மோசடியாகக் கருதுகிறது. சும்மா வாய் திறக்காமல் இருப்பது எல்லா நேரமும் மோசடி ஆகாது. நசுங்கல் தெரியாதபடி மூடியைப் போட்டே எல்லாப் படத்தையும் எடுப்பதும், கீறலுக்கு மார்க்கர் பூசுவதும் அப்படியல்ல. அவை மூடி மறைக்கும் செயல்கள். வாங்கியவர் வியாபாரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம்.

நடைமுறையில் யாரும் ஒரு லென்ஸுக்காகக் கோர்ட்டுக்குப் போவது அபூர்வம். ஆனால் இந்தச் சந்தை சின்னது. உங்கள் பெயரும் ஸ்கிரீன்ஷாட்டும் குரூப் குரூப்பாகச் சுற்ற ஒரு மாலை போதும்.

எனவே படங்களை இயல்பான வெளிச்சத்தில், ஃபில்டர் ஆப் எதுவும் போடாமல் எடுங்கள். முன், பின், நான்கு பக்கம், டார்ச் அடித்த கண்ணாடி, சீரியல் எண். ஒவ்வொரு குறைக்கும் கிட்டத்தில் ஒரு படம். கூடவே அந்த லென்ஸால் எடுத்த இரண்டு மூன்று படங்கள் போட்டால் பாதிக் கேள்விகள் குறையும். விவரம் இப்படி இருக்கலாம்:

"ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2, எம்42 மவுண்ட். முன் கண்ணாடி ஓரத்தில் மெல்லிய துடைப்புக் கோடு இரண்டு, டார்ச் அடித்தால்தான் தெரியும். பின் கண்ணாடி சுத்தம். ஃபங்கஸ், ஹேஸ் இல்லை. உள்ளே தூசி உண்டு. முன் வளையத்தில் ஒரு டென்ட், 49 மி.மீ. ஃபில்டர் ஏறாது. ஃபோகஸ் வளையம் கொஞ்சம் டைட், ஆனா முழுசா சுத்தும். பிளேடில் எண்ணெய் இருக்கு, திறந்து மூடுது. பக்கத்தில் இனிஷியல் வெட்டியிருக்கு. பெயிண்ட் உதிர்வு 5, 6, 7-வது படத்தில். பின் மூடி இல்லை."

"வயதுக்கேற்ற சிறு குறைகள் இருக்கலாம்" என்ற பொத்தாம்பொதுவான வரியை மட்டும் எழுதாதீர்கள். எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சந்தேகிக்க வைக்கும் வரி அது. நிக்கான் லென்ஸ் என்றால் ஒரு விவரம் கட்டாயம்: 1977-ல் வந்த ஏஐ வகையா, அதற்கு முந்தையதா? முந்தைய வகையைச் சில பிற்கால நிக்கான் கேமராக்களில் மாற்றாமல் மாட்டினால் கேமராவே சேதமாகும்.

எங்கே விற்பது, பணத்தை எப்படி வாங்குவது?

அலைச்சல் வேண்டாம் என்றால் கடைதான். டெல்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, கொல்கத்தா எஸ்பிளனேடு பக்கத்து மெட்ரோ கலி – இரண்டும் பேர்போன கேமரா சந்தைகள். கடைக்காரர் லாபம் வைத்துத்தான் வாங்குவார், விலை குறைவாகவே வரும். அவர் டார்ச்சை எடுத்து "கண்ணாடி போச்சு சார்" என்று உச்சுக்கொட்டினாலும், நீங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தால் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போகலாம்.

நேரடியாக விற்றால் விலை கூடும், தலைவலியும் கூடும். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விளம்பரம் போட்ட சில நிமிடங்களில், லென்ஸைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், பேரமும் பேசாமல், "நான் ராணுவத்தில் இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புறேன், க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவர் வரலாம். பல வருஷமாக நடக்கும் மோசடி இது. யுபிஐ-யில் பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் நம்பர் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கில் பாருங்கள், அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் அல்ல. ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

அதே ஊர்க்காரர் என்றால் காபி ஷாப்பிலோ மெட்ரோ ஸ்டேஷனிலோ சந்தியுங்கள். கேமராவையும் அடாப்டரையும் கொண்டுவரச் சொல்லுங்கள், மாட்டிப் பார்க்கட்டும். டார்ச்சை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் ஒரு சங்கதி. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருட்களில் பல தொல்பொருள் கணக்கில் வரும், அவற்றைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. 1970-களின் லென்ஸுக்கு இந்தக் கவலை இல்லை. கொள்ளுத்தாத்தாவின் பித்தளைக் குழல் ஸ்டுடியோ லென்ஸ் என்றால் முதலில் விசாரித்துவிடுங்கள். வருமான வரி? சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த இதுபோன்ற அசையும் பொருள் மூலதனச் சொத்து வரையறைக்குள் வராது. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் கதை வேறு.

கூரியரில் அனுப்பும்போது ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வையுங்கள், லென்ஸ் உள்ளே சுருங்கிக்கொள்ளும், அடிபடுவது குறையும். இரண்டு பக்கமும் மூடி அவசியம். இல்லாவிட்டால் சின்ன விலைக்கு பிளாஸ்டிக் மூடி வாங்கிப் போடுங்கள். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், பபிள் ராப், பெட்டிக்குள் பெட்டி. பேக் செய்வதைத் தொடக்கம் முதல் ஒட்டுவது வரை ஒரே வீடியோவாக எடுங்கள், சீரியல் எண் அதில் தெளிவாகத் தெரியட்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு மூன்று நாள் பார்க்க அவகாசம் கொடுப்பது நல்லது, இதை விற்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். "இந்தக் கீறல் பத்திச் சொல்லவே இல்லையே" என்று அவர் கேட்டு, அது உங்கள் படங்களில் இருந்தால் அந்தப் படத்தின் எண்ணைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் லென்ஸைத் திரும்ப வரவழையுங்கள். வந்ததும் சீரியல் எண்ணை வீடியோவோடு ஒப்பிட்டு, டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பணத்தை அனுப்புங்கள். வேறு லென்ஸைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.